முத்திரை குத்தி அமர்த்திய மன்னர்: பூட்டானின் உக்யென் வாங்சுக்

1907 டிசம்பர் 17 அன்று புனாகா கோட்டையில் ஒரு பத்திரம் முடிவானது. இந்த நாட்டுக்கு இதுவரை வாரிசுவழி மன்னர் என்று யாரும் கிடையாது. இனி ட்ரோங்சா பென்லோப் (மாகாண ஆளுநர்) உக்யென் வாங்சுக் மன்னர், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகள் மன்னர்கள். பத்திரத்தின் சாரம் இவ்வளவுதான். மடத்துப் பெரியவர்களும் அமைச்சர்களும் மாகாண அதிகாரிகளும் அதில் முத்திரை குத்தினார்கள். அந்த நாளைத்தான் பூட்டான் இன்றும் தேசிய நாளாகக் கொண்டாடுகிறது.

இப்படிப்பட்ட முத்திரைப் பத்திரத்துக்குப் பூட்டானில் ‘கெஞ்சா’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி விழும். கெஞ்சலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முத்திரையிட்டுத் தரும் உறுதிமொழி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றை முதல்முறை படிக்கிறவர்கள் முடிசூட்டு விழாவைத்தான் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அது இடைவேளைக்குப் பிறகு வரும் காட்சி. பத்திரம் எழுதப்பட்டபோது உக்யென் வாங்சுக்குக்கு 45 வயது. நாட்டின் பிடி அவர் கைக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதிகாரம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதை மகனுக்கு விட்டுப்போகும் உரிமை மட்டும் இல்லை. கெஞ்சா தந்தது அந்த உரிமையை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அவர் வாழ்க்கையில் எது எதற்காக நடந்தது என்று பின்தொடர்வது எளிது.

மன்னர் இல்லாமல் நாடு ஓடிய விதம்

பூட்டானை ஒன்றாக்கியவர் உக்யென் வாங்சுக் என்று சில இடங்களில் எழுதிவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்தவர் அவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர்: ஷப்துருங் ஙவாங் நம்க்யால் என்ற திபெத்திய லாமா. துருக்பா பௌத்தப் பிரிவின் தலைமைப் பீடமான ராலுங் மடத்தில் யார் உண்மையான மறுபிறவி என்று ஒரு வழக்கு எழுந்தது. திபெத்தின் ட்சாங் பகுதி ஆட்சியாளர் எதிர்த்தரப்பின் பக்கம் நின்றார். இனி அங்கே இருக்க முடியாது என்று 1616-ல் ஷப்துருங் தெற்கே மலையிறங்கி வந்துவிட்டார். வந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளத்தாக்காகக் கோட்டை எழுப்பினார். 1629-ல் சிம்தோகா, 1637-ல் தொடங்கி புனாகா. இந்தக் கோட்டைகளை ‘ஜோங்’ என்கிறார்கள். ஒரே மதிலுக்குள் ஒரு பக்கம் மடம் இருக்கும், மறு பக்கம் அரசு அலுவலகமும் களஞ்சியமும் இருக்கும்.

ஆட்சியையும் அவர் அதே அச்சில்தான் வார்த்தார். சமயக் காரியங்களுக்கு ஜே கென்போ என்ற தலைமை மடாதிபதி. வரி, வழக்கு, காவல், வெளியுறவு ஆகியவற்றுக்குத் துருக் தேசி என்ற நிர்வாகத் தலைவர். இருவருக்கும் மேலே ஷப்துருங். அவர் உயிரோடு இருந்தவரை இது நன்றாகவே ஓடியது. 1651-ல் அவர் இறந்தார். அந்தச் சாவை அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியில் விடவில்லை. தனிமைத் தியானத்தில் இருக்கிறார் என்று சொல்லி, அவர் பெயரிலேயே ஆணைகள் போய்க்கொண்டிருந்தன.

ஏன் இவ்வளவு பெரிய மறைப்பு? மேல்நாற்காலி காலியானால் கீழே இருப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். பின்னால் நடந்ததும் அதுதான். ஷப்துருங்கின் அடுத்த பிறவி என்று ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தாலும் அது வளர்ந்து ஆளாக இருபது ஆண்டு வேண்டும். அதுவரை தேசியே எல்லாம். வளர்ந்து வரும் ஷப்துருங்குக்கு இடம்விட அந்தத் தேசிக்கு எந்த அவசரமும் இருக்காது. போதாததற்கு உடல், வாக்கு, மனம் என்று வெவ்வேறு மறுபிறவி வரிசைகளும் கிளைத்தன. எந்தப் பிறவி யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும்.

தேசி பதவி வாரிசுக்குப் போகாது. அவையோர் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்தில் அப்படி. நடைமுறையில் படை யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்கிறவர்தான் தேசி. 1651 முதல் 1907 வரையிலான 256 ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேசிகள் வந்து போனார்கள். ஆளுக்குச் சராசரி ஐந்து ஆண்டுகூட வரவில்லை. சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் விரட்டப்பட்டார்கள்.

பழைய ஆங்கிலேயப் பதிவுகளைப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அவற்றில் ‘தர்ம ராஜா’ என்று வந்தால் ஷப்துருங். ‘தேப் ராஜா’ என்று வந்தால் தேசி. இரண்டு ராஜா இருக்கிறார்களே, 1907-ல் எப்படி ‘முதல்’ மன்னர் என்று குழம்ப வேண்டாம். இருவருமே வாரிசுவழி அரசர்கள் அல்லர்.

ட்ரோங்சா ஏன் முக்கியம்

தேசிக்குக் கீழே மாகாண ஆளுநர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர்கள் மூவர்: பாரோ, ட்ரோங்சா, தகானா ஆகிய இடங்களின் ‘பென்லோப்’கள். அதோடு புனாகா, திம்பு, வாங்துபோத்ராங் கோட்டைகளின் அதிபதிகளான ‘ஜோங்போன்’கள். அரசியல் முழுக்க இந்த ஆறு கோட்டைகளுக்குள் நடந்த இழுபறிதான்.

ஆறிலும் ட்ரோங்சாவின் இருப்பிடம் தனி. நாட்டின் நட்டநடுவே, கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் மலைத்தொடரை ஒட்டி, செங்குத்தான சரிவின் மேல் அந்தக் கோட்டை நிற்கிறது. பழைய கோவேறு கழுதைப் பாதை கோட்டையின் முற்றத்துக்குள்ளேயே நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. சுற்றிப் போக வேறு வழி கிடையாது. கதவைச் சாத்தினால் நாடு இரண்டாகிவிடும். யார் போகிறார்கள், என்ன சுமக்கிறார்கள், எத்தனை ஆள் என்பதெல்லாம் பென்லோப்புக்குத் தெரியாமல் நடக்காது.

கிழக்குப் பூட்டானின் எட்டுப் பகுதிகளும் ட்ரோங்சாவுக்கு வரி கட்டின. காசாக அல்ல, பொருளாக. கிழக்கில் குறிப்பாகத் துணி. பெண்கள் வீட்டுத் தறியில் நெய்து கட்ட வேண்டியது. தவிர தானியம், வெண்ணெய், உடல் உழைப்பு. இந்த வரிமுறையில் ஒரு நுணுக்கம் உண்டு. வெண்ணெயையும் அரிசியையும் பல ஆண்டு பூட்டிவைக்க முடியாது. வந்ததை ஆட்களுக்குப் படியளந்து செலவழித்துவிட வேண்டும். அதனால் வரி அதிகம் வரும் கோட்டையில் ஏவலாட்களும் வீரர்களும் அதிகம் இருப்பார்கள். ட்ரோங்சாவின் படைபலம் இப்படித்தான் திரண்டது. மேற்கே ஜோங்போன்கள் தங்களுக்குள் மோதிக் கரைந்துகொண்டிருந்தபோது, கிழக்கு முழுவதும் ஒரே கையின் கீழ் இருந்தது.

கறுப்புத் தேசியின் மகன்

அந்தக் கை உக்யென் வாங்சுக்கின் தந்தை ஜிக்மே நம்க்யாலுடையது. கிழக்கே குர்தோ பகுதியில் துங்கார் என்ற ஊரில், பெமா லிங்பா என்ற சமயப் பெரியவரின் வழிவந்த குடும்பத்தில் 1825-ல் பிறந்தவர். ட்ரோங்சா கோட்டையில் கீழ்நிலைச் சேவகராகச் சேர்ந்து படிப்படியாக ஏறி 1853-ல் பென்லோப் ஆனார். 1870 முதல் 1873 வரை தேசி. அதன் பிறகும் திரைக்குப் பின்னால் ஆட்டிவைத்தவர் அவரே. ‘கறுப்புத் தேசி’ என்பது அவர் பட்டப்பெயர். பூட்டான் மன்னர்கள் அணியும் காக்கைத் தலை மகுடம் முதலில் இவருடைய போர்த் தலைச்சீரா. காவல் தெய்வமான மகாகாளரின் காக்கை முகக் கோலம் போரில் காக்கும் என்று அவருடைய குரு ஜாங்சுப் சுந்த்ரு வடிவமைத்துக் கொடுத்தது.

ஆங்கிலேயரோடு நேருக்கு நேர் மோதியதும் இவர்தான். அதற்குக் காரணமான ‘துவார்’ விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்; மகன் காலத்துச் சண்டைக்கு விதை அங்கே இருக்கிறது.

துவார் என்றால் வாசல். மலையிலிருந்து வங்காள, அசாம் சமவெளிக்கு இறங்கும் கணவாய்களும் அவற்றின் அடியில் உள்ள வளமான நிலப்பட்டையும் சேர்ந்து துவார்கள். மொத்தம் 18: வங்காளப் பக்கம் 11, அசாம் பக்கம் 7. மலைநாட்டுக்கு நெல்லும் பருத்தியும் வருமானமும் இங்கிருந்துதான். அசாம் துவார்களை 1841-லேயே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஈடு கொடுத்துவந்தார்கள். எல்லைத் தகராறுகள் ஓயவில்லை. 1864-ல் ஆஷ்லி ஈடன் என்ற அதிகாரி தூதராகப் புனாகாவுக்கு வந்தார். அவையில் வைத்து அவரை அவமானப்படுத்தி, துவார்களைத் திருப்பித் தருவதாக மிரட்டிக் கையெழுத்தும் வாங்கி அனுப்பினார்கள். அந்த ஆண்டு இறுதியில் போர் மூண்டது. 1865 தொடக்கத்தில் தேவாங்கிரியில் ஜிக்மே நம்க்யால் ஆங்கிலப் படையைத் திணறடித்து இரண்டு பீரங்கிகளைப் பறித்தார். ஆனால் நீண்ட போரைத் தாங்கும் வசதி பூட்டானுக்கு இல்லை.

1865 நவம்பர் 11 அன்று சிஞ்சுலா உடன்படிக்கை. பூட்டான் 18 துவார்களையும் நிரந்தரமாக இழந்தது. பதிலுக்கு ஆண்டுத்தொகை: நிபந்தனைகளை நிறைவேற்றியதும் 25,000 ரூபாய், அடுத்த ஜனவரி 10-ல் 35,000, அதற்கடுத்த ஜனவரி 10-ல் 45,000, பிறகு ஆண்டுதோறும் 50,000. பறித்த இரண்டு பீரங்கிகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. பூட்டானின் நடத்தை சரியில்லை என்று பட்டால் தொகையை நிறுத்திவைக்கவும் ஆங்கிலேயருக்கு உரிமை உண்டு.

பொருளாகவே வரி வாங்கிய நாட்டில் 50,000 வெள்ளி ரூபாய் ரொக்கமாக வந்து விழுந்தால் என்ன ஆகும்? வெண்ணெய் போலக் கெட்டுப்போகாத, பூட்டிவைக்கக்கூடிய, எல்லை தாண்டித் துப்பாக்கி வாங்கக்கூடிய செல்வம் முதல்முறையாக உள்ளே வந்தது. அது போய்ச் சேர்ந்த இடமோ மேற்கே தேசியின் தலைநகரங்கள். அசாம் துவார்கள் ட்ரோங்சாவின் பொறுப்பில் இருந்தவை. இழப்பு ட்ரோங்சாவுக்கு, பணம் மேற்குக்கு. பங்கு பிரிப்பதில் தகராறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1885, சாங்லிமிதாங்

உக்யென் வாங்சுக் 1862-ல் பூம்தாங் பள்ளத்தாக்கில், தந்தை கட்டிய வாங்திச்சோலிங் மாளிகையில் பிறந்தார். தாய் பெமா சோக்கியும் பெமா லிங்பாவின் வழியில் வந்தவரே. பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. எழுத்தும் சமயமும் மடத்து ஆசான்களிடம், ஆட்சி தந்தையின் கோட்டையில், போர் போர்க்களத்தில். பதின்பருவத்திலேயே தந்தையின் சண்டைகளில் கலந்துகொண்டார். 1881-ல் தந்தை இறந்தார்; மாட்டின் மலைநாட்டு உறவான யாக்கின் முதுகிலிருந்து விழுந்து என்று சொல்கிறார்கள். 1882-ல் இருபது வயதில் ட்ரோங்சா பென்லோப் ஆனார்.

மேற்கில் திம்பு ஜோங்போன் ஆலு தோர்ஜியும் புனாகா ஜோங்போன் புந்த்சோ தோர்ஜியும் ஒரு கை. இருவரும் ஒருகாலத்தில் ஜிக்மே நம்க்யாலின் நிழலில் வளர்ந்தவர்கள்தாம். அவர் போனதும் மகனைச் சிறுபிள்ளை என்று எடைபோட்டார்கள். ஆங்கிலேயர் தரும் தொகையில் ட்ரோங்சாவின் பங்கைத் தராமல் நிறுத்தினார்கள். கேட்டும் வரவில்லை. 1885-ல் உக்யென் வாங்சுக் படையோடு மேற்கே இறங்கினார்.

கடைசி மோதல் திம்பு ஆற்றங்கரையில் சாங்லிமிதாங் திடலில். பேச்சுவார்த்தைக்கென்று கூடிய இடத்தில் கைகலப்பு மூண்டு புந்த்சோ தோர்ஜி கொல்லப்பட்டார். ஆலு தோர்ஜி திபெத்துக்கு ஓடினார். அங்கிருந்து திபெத்தியரையும் அங்கிருந்த சீனப் பேரரசின் பிரதிநிதியான அம்பானையும் நடுவுக்கு இழுத்துப் பார்த்தார். பழைய இடம் கிடைக்கவில்லை. பூட்டானின் உள்நாட்டுப் போர்களில் இதுவே கடைசிப் பெரும்போர். திடல் இருந்த இடத்தில் இன்று விளையாட்டரங்கம் இருக்கிறது. சரியாக நூறாண்டு கழித்து, 1985-ல், ஈழத்தமிழர் தரப்பும் இலங்கை அரசும் பேச உட்கார்ந்ததும் இதே திம்புவில்தான். பல தமிழருக்கு அந்த ஊரின் பெயர் அறிமுகமானதே அதனால்தான்.

வென்றவர் அடுத்து என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. தேசி பதவியில் அவர் உட்காரவில்லை. தனக்கு வேண்டியவர்களை அதில் உட்காரவைத்துவிட்டு ட்ரோங்சாவுக்குத் திரும்பினார். தேசி நாற்காலி பார்வைக்குப் பெரியது. உட்கார்ந்தவர் எல்லாருக்கும் இலக்கு. மேலும் அதில் ஏறுகிறவர் தன் மாகாணத்தை வேறொருவரிடம் விட்டுவர வேண்டும். விட்டால் ஆறு மாதத்தில் அந்த வேறொருவர் எதிரியாவார். தந்தை காலத்திலிருந்தே இதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். காலியாகும் ஜோங்போன் பதவிகளையும் ஒவ்வொன்றாக உறவினருக்கும் நம்பிக்கையானவர்களுக்கும் கொடுத்துவந்தார். மடங்களுக்கும் கொடுத்தார். 1897 ஜூனில் அசாம் பெருநிலநடுக்கம் பூட்டானின் கோட்டைகளையும் கோயில்களையும் உலுக்கியது. பழுதுபார்ப்பு வேலைகள் பல அவர் பொறுப்பில் நடந்தன. 1900-ல் பூம்தாங்கின் குர்ஜே தலத்தில் குரு பத்மசம்பவருக்கு ஒரு கோயில் எழுப்பினார். பின்னால் பத்திரத்தில் மடாதிபதிகளின் முத்திரை தட்டுத்தடையில்லாமல் விழுந்ததற்கு இந்த இருபதாண்டுக் கொடைகளும் ஒரு காரணம்.

லாசாவுக்குப் போன தூதர்

1903-ல் பெரிய தலைவலி ஒன்று வந்தது. இந்திய வைஸ்ராய் கர்சனுக்குத் திபெத்தில் ரஷ்யச் செல்வாக்கு பரவுகிறது என்ற சந்தேகம். 1901-ல் அவர் பதின்மூன்றாம் தலாய் லாமாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப்போனவர் காலிம்போங்கில் இருந்த பூட்டானின் முகவர் காஜி உக்யென் தோர்ஜி. கடிதம் முத்திரை உடையாமல் திரும்பிவந்தது. கடைசியில் யங்ஹஸ்பண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியின் தலைமையில் ஒரு படையே திபெத்துக்குள் புகுந்தது. (பெயர்க் குழப்பம் வேண்டாம்: காஜி உக்யென் தோர்ஜி வேறு, உக்யென் வாங்சுக் வேறு. முன்னவர் பின்னவரின் வலக்கை.)

பூட்டான் எந்தப் பக்கம் நிற்பது? திபெத்தோடு சமயமும் வணிகமும் பின்னிக்கிடந்தன. ஆங்கிலேயரோடு மோதினால் 1865 திரும்பவும் வரும், ஆண்டுத்தொகையும் போகும். சும்மா இருக்கவும் முடியாது, ஏனென்றால் படை போகும் பாதை பூட்டானின் மேற்கு எல்லையை ஒட்டியது. காஜி உக்யென் தோர்ஜியின் யோசனைப்படி, சண்டையில் எந்தப் பக்கமும் சேராமல் நடுவராகப் போவது என்று முடிவானது. உக்யென் வாங்சுக் தம் பரிவாரத்தோடு 1904-ல் படையுடன் சேர்ந்து லாசாவரை போனார். திபெத்திய அமைச்சர்களுக்கும் யங்ஹஸ்பண்டுக்கும் இடையே செய்திகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். தலாய் லாமா அதற்குள் மங்கோலியா பக்கம் போய்விட்டிருந்தார். செப்டம்பர் 7 அன்று போத்தாலா அரண்மனையில் லாசா உடன்படிக்கை கையெழுத்தானது.

அந்தப் பயணத்துப் படங்களில் அவர் பூட்டானிய உடையின் மேல் ஐரோப்பியச் சாம்பல்நிறத் தொப்பி ஒன்றை அணிந்திருப்பார். தந்தை ஆங்கிலேயரின் பீரங்கியைப் பறித்தார், மகன் அவர்களின் தொப்பியைப் போட்டுக்கொண்டார் என்று கிண்டலாகச் சொல்லலாம்தான். ஆனால் கணக்கு என்னவோ மகன் பக்கமே லாபம். 1905-ல் சிக்கிமில் இருந்த ஆங்கிலேய அரசியல் அதிகாரி ஜான் கிளாட் ஒயிட் புனாகாவுக்கு வந்து ‘சர்’ பட்டத்துக்குரிய விருதை அவருக்கு அணிவித்தார். அடுத்த குளிர்காலத்தில் கல்கத்தா சென்று, இந்தியாவுக்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசரைச் சந்தித்தார். ஆங்கிலேயர் இனி பூட்டானில் யாரிடம் பேச வேண்டும் என்பதில் சந்தேகமே மிஞ்சவில்லை. தேசியிடம் அல்ல.

பத்திரத்தைப் பிரித்துப் படித்தால்

மேல்நாற்காலிகள் இரண்டும் ஒரே சமயத்தில் தளர்ந்திருந்தன. பழைய ஷப்துருங் இறந்துவிட்டார். அடுத்த பிறவி கைக்குழந்தை. கடைசித் தேசியான யேஷே ஙொதுப் ஒரு துறவி. 1907-ல் பதவியை விட்டு விலகினார். இன்னொருவரைத் தேசியாக்குவதா, இல்லை இருப்பதை அப்படியே ஒப்புக்கொண்டு பெயர் சூட்டிவிடுவதா என்பதே அவையின் முன் இருந்த கேள்வி. மன்னராக்கலாம் என்ற முன்மொழிவு காஜி உக்யென் தோர்ஜியிடமிருந்து வந்தது.

கெஞ்சா சின்னப் பத்திரம்தான். நிலப் பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு அதன் அமைப்பு அந்நியமாக இருக்காது. முதலில் பூர்வீகம்: இந்த நாட்டுக்கு வாரிசுவழி மன்னர் இருந்ததில்லை, தேசிகள் லாமாக்களிலிருந்தும் அமைச்சர்களிலிருந்தும் மாகாண அதிகாரிகளிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டுவந்தார்கள். அடுத்து எழுதிக்கொடுப்பவர்கள்: மடாதிபதிகள், ஆசான்கள், துறவியர் கூட்டம், அமைச்சர்கள், மாகாண அதிபதிகள், குடிமக்கள் அனைவரும். பிறகு பெறுபவர்: சர் உக்யென் வாங்சுக், பொன் அரியணையில் அமர்த்தப்பட்டார். பிறகு முக்கியமான வரி: அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் மாறாத மனத்தோடு விசுவாசமாக இருப்போம். கடைசியில் மீறினால் என்ன என்பது: அப்படி இப்படி என்று பேசி ஒப்பந்தத்தை மீறுகிறவர் எங்கள் கூட்டத்திலிருந்து விலக்கப்படுவார். பின் முத்திரைகள்.

மீறலுக்குச் சிறையோ சிரச்சேதமோ எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். முத்திரை வைத்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்போட்டுக்கொள்ளும் பத்திரம் இது. எவனாவது ஒரு ஜோங்போன் நாளை கிளம்பினால் மற்ற எல்லாரும் அவனுக்கு எதிரே நிற்க வேண்டும். இருநூறு ஆண்டுகளாக நாட்டை அரித்த நோய் அந்த ஒரு ஜோங்போன்தான்.

‘மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னர்’ என்று சில அறிமுகங்களில் வரும். குடிமக்கள் அனைவரும் என்று பத்திரத்தில் சொல் இருக்கிறது, உண்மை. ஆனால் துணி நெய்து வரி கட்டிய கிழக்கத்தியப் பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கூடியவர்கள் பதவியில் இருந்தவர்கள். அவர்களிலும் பலர் அவர் அமர்த்தியவர்கள். அதே சமயம், கத்தி முனையில் எழுதி வாங்கியது என்பதும் பொருந்தாது. மாற்றாக நிறுத்த வேறு ஆளே அன்று இல்லை.

விழாவுக்கு ஆங்கிலேயர் சார்பில் ஒயிட் வந்திருந்தார். ஆங்கிலப் பிரதியில் ‘மகாராஜா’ என்று எழுதினார்கள். அவர்களுடைய வரிசையில் இந்திய சமஸ்தான அதிபர்களோடு சேர்த்துவைக்க அது வசதியான சொல். பூட்டானியர் சொல்வது ‘துருக் க்யால்போ’, டிராகன் அரசர். அந்தச் சொல் வேறுபாடு வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை என்பது மூன்றே ஆண்டில் தெரிந்தது.

அரியணைக்குப் பிறகு

சீனாவின் கடைசி மஞ்சு அரசு திபெத்தின் மேல் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது; 1910 பிப்ரவரியில் அதன் படை லாசாவுக்குள் நுழைந்தது. பூட்டானும் தன் பிடிக்குள் என்று சொல்லும் பழக்கமும் அதற்கு இருந்தது. அந்தப் படை நுழைவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 8 அன்று, ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் பெல் புனாகாவில் புதிய உடன்படிக்கையை முடித்துவிட்டார். சிஞ்சுலாவின் இரண்டு சரத்துகளை மட்டும் திருத்தினார்கள். ஆண்டுத்தொகை 50,000-லிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஆனது. உள்நாட்டு நிர்வாகத்தில் ஆங்கிலேயர் தலையிட மாட்டார்கள். வெளியுறவில் பூட்டான் அவர்களின் ஆலோசனைப்படி நடக்கும்.

இதை வைத்துப் பூட்டான் ஆங்கிலேயரின் காலனி ஆனது என்று எழுதுவதும் தவறு, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத நாடு என்று எழுதுவதும் தவறு. சமஸ்தானங்களில் இருந்ததுபோல உள்ளே ஆங்கிலேய ரெசிடெண்ட் ஒருவர் தங்கி மேற்பார்வை பார்க்கும் ஏற்பாடு பூட்டானில் கிடையாது. 1911-ல் மன்னர் டெல்லி தர்பாருக்குப் போய்வந்தார். ஆனால் தலையிடாமை எழுத்தில் இருந்ததால், 1947-க்குப் பிறகு சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது பூட்டான் அந்தப் பட்டியலில் சேரவில்லை. 1949-ல் இந்தியாவோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டது.

உள்ளே அவர் செய்த மாற்றங்கள் அளவானவை. 1914-ல் ஹா பள்ளத்தாக்கில் ஒரு நவீனப் பள்ளி தொடங்கியது. காஜி உக்யென் தோர்ஜியின் மேற்பார்வை. அதே காலத்தில் 46 சிறுவர்கள் காலிம்போங்கில் படிக்கப் போனார்கள். பூம்தாங்கில் பட்டத்து இளவரசரும் அவையோர் பிள்ளைகளும் படிக்க இன்னொரு பள்ளி. வரி பொருளாகவே வந்தது. பென்லோப்களும் ஜோங்போன்களும் தொடர்ந்தார்கள். வண்டி போகும் சாலை கிடையாது, நிரந்தரத் தலைநகர் கிடையாது. குளிருக்குப் புனாகா, கோடைக்குத் திம்பு என்ற மடத்து வழக்கம் அப்படியே. மன்னர் பெரும்பாலும் பூம்தாங்கில் பிறந்த வீட்டில் இருந்தார். பண்ணையடிமை முறை ஒழிந்தது பேரன் காலத்தில், 1950களில்தான். நவீன பூட்டானின் சிற்பி என்று இவரை அழைப்பது மிகை. சிற்பி வேலை தொடங்க நிலத்தைச் சமன் செய்தவர் என்றால் பொருந்தும்.

1926 ஆகஸ்டில் அவர் இறந்தார். உடல் குர்ஜேயில் எரியூட்டப்பட்டது. பத்திரத்தின் ‘வாரிசுகள்’ என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை அப்போதுதான். பூட்டானில் அதுவரை வலிமையான ஒருவர் இறந்தால் ஆறு கோட்டையிலும் ஆயுதம் தேடுவார்கள். அவருடைய தந்தை இறந்தபோதும் அதுவே நடந்தது. மகன் ஜிக்மே வாங்சுக்குக்கு அன்று 21 வயது. ஆனால் அவரைத் தந்தை முன்கூட்டியே ட்ரோங்சா பென்லோப் ஆக்கியிருந்தார். மலைப்பாதையின் கதவும் கிழக்கின் வரியும் ஏற்கெனவே மகன் கையில். 1927 மார்ச் 14 அன்று புனாகாவில் அவர் முடிசூடினார். எந்தப் பள்ளத்தாக்கிலும் போர் மூளவில்லை.

2008-ல் பூட்டான் நாடாளுமன்ற மக்களாட்சிக்கு மாறியபோது எழுதிய அரசமைப்புச் சட்டம், அரியணை உக்யென் வாங்சுக்கின் வழிவந்தவர்களுக்கு உரியது என்று 1907-ன் கெஞ்சாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மன்னர் 65 வயதில் ஓய்வுபெற வேண்டும் என்ற புதுச் சரத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறது. பட்டத்து இளவரசர் அரியணைக்கு முன் ட்ரோங்சா பென்லோப் ஆகும் வழக்கமும் விடவில்லை. இப்போதைய மன்னர் ஜிக்மே கேசர் 2004 அக்டோபரில் அந்தக் கோட்டையில் பென்லோப் பட்டம் ஏற்றார். இரண்டு ஆண்டு கழித்து, 2006 டிசம்பரில், தந்தை ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார்.